காலிக்கிளை பாயும் ஒரு மாம்பழச்சிட்டும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் உள்ள அத்தனை மரக்கிளைகளையும், அவற்றில் உட்கார்ந்திருந்த குருவி பறந்துபோன அடுத்த நொடியில் படம் எடுத்து வைத்திருக்கும் ஒரே மனிதர் எங்கள் ஏசி மெக்கானிக் பாய்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யாராவது போட்டிக்கு வருவதாக இருந்தால் தாராளமாக வரட்டும். பாயின் கைப்பேசியில் உள்ள படங்களை வரிசையாகக் காட்டச் சொல்கிறேன். பாதியிலேயே கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அவர் படம் காட்டுகிற விதமே தனி. "இது தேன்சிட்டு டீச்சர்" என்று நீட்டுவார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். ஒரு முருங்கைக் கிளை இருக்கும். இலை இருக்கும், பூ இருக்கும், பின்னால் யாரோ காயப்போட்ட லுங்கிகூட இருக்கும். குருவி எங்கே என்று கேட்டால், இருந்துச்சு, இப்பதான் போச்சு, கிளை இன்னும் ஆடுது பாருங்க என்பார். படத்தில் கிளை எப்படி ஐயா ஆடும்? ஆனால் அவர் சொல்கிற நிச்சயத்தில் எனக்கே ஆடுவதுபோலத் தோன்றிவிடும்.

பாயின் உண்மைப் பெயரை நான் வெகுநாள் கேட்கவே இல்லை. கைப்பேசியில் 'ஏசி பாய்' என்று பதிந்திருந்தேன். பிறகு ஊரே 'காலிக்கிளை பாய்' என்று சொல்ல ஆரம்பித்ததும் நானும் மாற்றிக்கொண்டேன். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. போன் எடுத்தால் அவரே "காலிக்கிளைதான் பேசறேன்" என்பார்.

முதல் சந்திப்பே சண்டையில் முடிந்திருக்க வேண்டியது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் வரும் என்பது மாடம்பாக்கத்தில் அப்பாவும் பிள்ளையுமாக என்னிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அந்த மே மாதம், விடுமுறை விட்ட இரண்டாம் நாளே, என் வீட்டு ஏசி நின்றுபோனது. யாரோ சொல்லி பாய் வந்தார். ஒல்லியான ஆள், நீலச் சட்டை, காதில் பென்சில். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்கள். இவர் மொட்டை மாடிக்குப் போய், அங்கிருந்த வெளி யூனிட்டின்மேல் காதை வைத்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஃபேன் பேரிங் போயிடுச்சு, கேஸ் ஒன்னும் குறையலை என்று சொன்னார். எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

அது சரியாக ஒரு நிமிடம் நீடித்தது. பக்கத்து வேப்பமரத்திலிருந்து ஏதோ ஒரு விசில் சத்தம் வந்தது. பாய் ஒரு விரலைத் தூக்கினார். பேரிங் வாங்கி வரப் போகிறார் என்று நினைத்து நான் கீழே வந்து விசிறியோடு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் போனது. ஆளைக் காணோம். மேலே போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மயங்கிக் கிடக்கிறாரோ என்று பதறிப்போய்க் குனிந்தேன். ஆள் குப்புறப் படுத்துக் கேமராவில் கண் வைத்திருந்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் திரும்பாமலேயே "ஷ்ஷ்" என்றார்.

இருபத்தைந்து வருடமாக ஒரு பள்ளிக்கூடத்தையே வாயை மூட வைத்தவள் நான். என்னை என் வீட்டு மாடியிலேயே ஒருவர் வாயை மூட வைத்தார். இதில் பெரிய அவமானம் என்னவென்றால், நான் மூடிக்கொண்டேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. வேப்பமரத்தில் இருந்தது மாம்பழச்சிட்டு. கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரிய பறவை. மஞ்சள் வயிறு, கறுப்பு முதுகு, இறக்கையில் வெள்ளைக் கோடு. ஜோடி தேடும் காலத்தில் ஆண்குருவி நீளமாக விசில் அடிக்கும். அடித்துவிட்டுக் கிளையிலிருந்து நேராக மேலே எம்பி, உடம்பில் உள்ள இறகு அத்தனையும் சிலிர்த்து, பஞ்சுருண்டையாக மாறி, மெதுவாகச் சுற்றிச் சுற்றி அதே கிளைக்கு இறங்கும். எல்லாம் இரண்டு மூன்று நொடிதான். அந்தப் பஞ்சுருண்டை காற்றில் இருக்கும்போது ஒரு படம். வாழ்க்கையில் பாய் கேட்டது அது ஒன்றுதான்.

பாய்க்கு வந்த சோதனை என்னவென்றால், அந்தக் குருவி விசில் அடிப்பதும் கத்திரி வெயிலில்தான், ஊரில் உள்ள ஏசியெல்லாம் படுத்துக்கொள்வதும் கத்திரி வெயிலில்தான். சேலையூரும் ஊரப்பாக்கமும் வியர்த்து வழிந்துகொண்டு அவரைத் தேடும். அவர் ஏரிக்கரை முட்புதருக்குள் இருப்பார். போன் வந்தால் எடுக்காமல் இருக்க மாட்டார், நாணயமான ஆள். ஆனால் கிசுகிசுவென்றுதான் பேசுவார். ஊரப்பாக்கத்து அம்மா ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, ஏதோ துக்க வீட்டில் இருக்கிறார் என்று நினைத்து, தானும் கிசுகிசுவென்றே ஆறுதல் சொல்லி, காரியமெல்லாம் முடிந்தபிறகு நிதானமாக வந்தால் போதும் என்று போனை வைத்துவிட்டாராம். பாய் அந்த வீட்டுக்குப் போனபோது அவரை உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள். ஏன் என்று இன்றுவரை பாய்க்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைப் படம் எடுக்கப் போகிற ஒரு கோஷ்டி உண்டு. அதன் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய லென்ஸின் நீளத்தைப் பார்த்து எல்லாரும் அவரைப் பீரங்கி சார் என்போம். கோஷ்டி பெரும்பாக்கம் சதுப்பு நிலத்துக்குப் போனால் எல்லாரும் வரிசையாகத் தண்ணீரைப் பார்த்து நிற்பார்கள். அங்கே பூநாரை, கூழைக்கடா என்று பெரிய பெரிய பறவைகள் நிற்கும். பாய் மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டோர முட்புதரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முதல் தடவை பார்த்தவர்கள் ஏதோ கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். பூநாரை அந்தப் பக்கம் என்று பீரங்கி சார் தோளைத் தட்டிச் சொன்னாராம். "அது நின்னுகினே இருக்கும் சார். இது நிக்காது" என்றாராம் பாய்.

அந்தக் கோஷ்டி வருடம் ஒருமுறை சேலையூரில் ஒரு சமுதாயக் கூடத்தை எடுத்துக் கண்காட்சி வைக்கும். ஆளுக்கு ஒரு படம். இரண்டு வருடம் பாய் காலிக் கிளையைத்தான் கொடுத்தார். இரண்டாம் வருடம் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா அதன்முன் வெகுநேரம் நின்று, தனிமையை எவ்வளவு ஆழமாக எடுத்திருக்கிறார் என்று உருகிவிட்டார். பாய் பதறிப்போய் ஓடிவந்து, "அய்யய்யோ, தனிமை இல்லம்மா. இதுல மாம்பழச்சிட்டு இருந்துச்சு" என்று விளக்கினார். கூடமே சிரித்தது. அன்றைக்குத்தான் பீரங்கி சார் 'காலிக்கிளை' என்ற பெயரை வைத்தார். அதோடு விடவில்லை. அடுத்த வருடம் பறவை உள்ள படத்துக்குத்தான் சுவரில் இடம் என்று ஒரு விதியும் போட்டார். பாயைத் தவிர வேறு யாருக்கும் அந்த விதி தேவைப்படவில்லை.

ஆனால் பீரங்கி சார் கெட்டவர் இல்லை. பாய்க்கு ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். மாம்பழச்சிட்டின் விசிலைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டால், தன் இடத்துக்கு வேறு ஆண்குருவி வந்துவிட்டது என்று நினைத்து நிஜக் குருவி சண்டைக்கு வரும், அப்போது டப்பென்று எடுத்துவிடலாம். பாய் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதைப் போய் ஏமாற்றி, சோறு தண்ணீர் இல்லாமல் இல்லாத எதிரியைத் தேட வைப்பது பாவம் என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்குள் நானும் அவர்களோடு போக ஆரம்பித்திருந்தேன், டாக்டர் நடக்கச் சொன்னதால் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். புதருக்கு இந்தப் பக்கம் பீரங்கி சார் ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து விசில் பதிலாக வந்தது. சார் முகத்தில் ஆயிரம் வாட்ஸ். வயிற்றால் தவழ்ந்து உள்ளே போனார். விசில் அடித்தார், பதில் வந்தது, தவழ்ந்தார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது. பாய் பனைமர நிழலில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன்.

"அது குருவி இல்ல டீச்சர். ரெண்டும் ஸ்பீக்கரு. குருவின்னா நடுவுல மூச்சு வாங்கும். இது வாங்கல."

அந்தப் பக்கத்திலிருந்து தவழ்ந்து வந்தவர் கோஷ்டியின் பொருளாளர். இருவரும் புதரின் நடுவில் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டார்கள். இருவர் கேமராவிலும் அடுத்தவருடைய தொப்பிதான் இருந்தது. முன்பே சொல்லியிருக்கலாமே என்று பாயைக் கடிந்துகொண்டேன். எவ்வளவு ஆசையாகப் போகிறார்கள், எப்படிச் சொல்வது என்றார்.

இந்தச் சமயத்தில்தான் நூர்ஜஹான் குறுக்கே வந்தாள். பாயின் மனைவி. வாட்டசாட்டமான பெண், கணீர்க் குரல், என்னைப் போலவே முன்கோபம், அதனால் எனக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப்போனது. கத்திரி வெயில் காலம்தான் மெக்கானிக்குகளுக்கு அறுவடைக் காலம். அதை இவர் புதருக்குள் உட்கார்ந்து தொலைக்கிறார். அதுகூடப் போகட்டும், தினமும் சட்டை, லுங்கி, பேன்ட் எல்லாவற்றிலும் ஒட்டுப்புல்லும் முள்ளுமாக வந்து நிற்கிறார். அவள் அதை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துவிட்டுக் கையால் துவைக்க வேண்டும். விரலெல்லாம் கீறல். என்னிடம் காட்டினாள். நான் பாயை முறைத்தேன்.

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். இந்த வருடம் குருவி உள்ள படம் வர வேண்டும். வரவில்லை என்றால் கேமராவை விற்று வாஷிங் மெஷின் வாங்க வேண்டும். பாய் அவள் கீறல் விழுந்த கையைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டிவிட்டார். என்னிடம் வந்து சொன்னார். அவள் கேட்பதில் தப்பே இல்லை டீச்சர், அதுதான் பேஜாராக இருக்கிறது என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பிள்ளை கணக்கில் திரும்பத் திரும்பத் தப்புப் போட்டால், எந்த வரியில் தப்புகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் தொழில். அதையே செய்தேன். மறுநாள் காலை ஏரிக்கரைப் புதரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேமரா பழையதுதான், ஆனால் பழுது இல்லை. ஒரு அமுக்கில் பத்துப் படம் எடுக்கும். இவர் அமுக்கினால் பத்துக் காலிக் கிளை எடுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். காது அபாரம். எந்தக் கிளையில் வந்து உட்காரும் என்பதை அது வருவதற்கு முன்பே சொன்னார். வந்து உட்கார்ந்தது. விசில் அடித்தது. எம்பியது. பஞ்சுருண்டையாக மாறியது.

பாயின் வலது கை கேமராவை விட்டு எழுந்து நெஞ்சுக்குப் போனது. "மாஷா அல்லாஹ்" என்றார். அழகானதைக் கண்டதும் அல்லாஹ்வைப் புகழும் அந்தச் சொல்லை அவசரமே இல்லாமல், முழுசாக, மனசாரச் சொன்னார். அதற்குப் பிறகு கை கேமராவுக்குத் திரும்பி வந்து பட்டனை அமுக்கியது. கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று வருடமாக இதைத்தான் செய்கிறீர்களா என்றேன். எதை என்று கேட்டார். அவருக்கே தெரியவில்லை, பாவம். விளக்கிச் சொன்னேன். படத்தை எடுத்துவிட்டு அப்புறம் சொல்லலாமே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்றீங்கள்ல டீச்சர்? சாப்ட்டு முடிச்சு ஏப்பம் வுட்டப்புறம் பண்ணிக்கலாமேன்னு நான் சொன்னா ஒத்துப்பீங்களா?"

ஒத்துக்கொள்ள மாட்டேன். சரி, வந்து உட்காரும்போதே முன்கூட்டிச் சொல்லி வைத்துவிடுங்கள் என்றேன். அழகைப் பார்ப்பதற்கு முன்பே எப்படிப் பாராட்டுவது, அது பொய் இல்லையா என்றார். மனசுக்குள் சொல்லுங்கள் என்றேன். அதையும் முயன்று பார்த்தார். மனசுக்குள் சொல்லும்போதும் கை தானாக நெஞ்சுக்குப் போனது. இடது கையை வையுங்கள் என்றேன். இடது கை லென்ஸைப் பிடித்திருக்கிறது, விட்டால் கேமரா சேற்றில் விழும். எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ மரமண்டைகளைத் தேற வைத்திருக்கிறேன். இந்த மனிதரிடம் தோற்றுப்போனேன். தோற்றதில் எனக்குக் கோபம் வராதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று வாரமும் கரைந்தன. ஞாயிறு கண்காட்சி, சனிக்கிழமை மதியத்துக்குள் படம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை நான் ஏரிக்கரைக்குப் போனால், பாயின் ஸ்கூட்டரில் பின்னால் நூர்ஜஹான் உட்கார்ந்து வந்தாள். கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் ஒரு துணிப்பை. துணிப்பை எதற்கு என்று கேட்டேன். கேமராவை வாங்கிப் போக என்றாள். இவர் வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடுவார், அதனால் இங்கிருந்தே நேராகக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. பாய் என்னைப் பார்க்கவே இல்லை.

"மூணு வருசமா எனக்கு சக்களத்தியா கீதே, அது மூஞ்சையும் ஒரு தடவ பாத்துடலாம்னுதான் வந்தேங்க்கா" என்றாள்.

"அது ஆம்பள குருவி" என்றார் பாய்.

மூவரும் புதருக்குள் உட்கார்ந்தோம். அவளுக்கு முள் குத்தியது, எறும்பு கடித்தது, வெயில் காந்தியது. எல்லாவற்றையும் கிசுகிசுவென்று, ஆனால் விடாமல், எங்களுக்குத் தெரிவித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு முறை விசில் தூரத்தில் கேட்டது, வரவில்லை. நான் கைக்கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பப்ளிக் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படித் தவித்ததில்லை. பிறகு பாய் மெதுவாக ஒரு விரலைத் தூக்கிக் கருவேலமரத்தின் நுனிக்கிளையைக் காட்டினார். காலியாக இருந்தது. மூன்று எண்ணுவதற்குள் மஞ்சளாக ஒன்று வந்து அதில் உட்கார்ந்தது.

நூர்ஜஹான் புலம்பலை நிறுத்தினாள். இத்தனூண்டா என்பதுபோல என்னைப் பார்த்தாள். அது தொண்டையைத் தூக்கி நீளமாக ஒரு விசில் அடித்தது. அடித்துவிட்டு எம்பியது. காலை வெயிலில் இறகெல்லாம் சிலிர்த்து, உருண்டு, வெள்ளையும் மஞ்சளுமாகச் சுழன்றுகொண்டு கீழே இறங்க ஆரம்பித்தது.

நூர்ஜஹானின் கை நெஞ்சுக்குப் போனது.

"மாஷா அல்லாஹ்" என்றாள்.

பாயின் கை போகவில்லை. கேமராவிலேயே இருந்தது. படபடவென்று பத்துச் சத்தம் கேட்டது.

குருவி கிளையில் உட்கார்ந்து இறக்கையைக் கோதிவிட்டுப் பறந்துபோனது. பாய் கேமராவின் பின்பக்கத்தைப் பார்க்கப் பயந்து அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நான்தான் பிடுங்கிப் பார்த்தேன். முதல் படத்தில் குருவி இருந்தது. இரண்டாவதில் இருந்தது. மூன்றாவதில் அது கிளைக்கு ஒரு சாண் மேலே, பஞ்சுருண்டையாக, ஒவ்வொரு இறகும் எண்ணிவிடலாம் என்பதுபோல, கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சத்தோடு இருந்தது. நான் என் வயதையும் உத்தியோகத்தையும் மறந்து கத்தினேன். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

பாய் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவ சொன்னது நானே சொன்ன மாதிரி இருந்துச்சு டீச்சர், அதான் கை போகலை என்று மட்டும் சொன்னார். நூர்ஜஹான் அந்தத் துணிப்பையை விரித்து முள் மேல் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, டிபன் கேரியரைத் திறந்து எங்கள் இருவருக்கும் இடியாப்பம் வைத்தாள்.

மறுநாள் கண்காட்சியில் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரில் அந்தப் படம்தான் தொங்கியது. அங்கே மாட்ட வைத்திருந்த தன் பூநாரைப் படத்தைப் பீரங்கி சாரே கழற்றிப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றிவிட்டார். படத்தின் கீழே பெயர் எழுதும்போது பாய் இரண்டு பெயர் போடச் சொன்னார். வழக்கம் ஒரு பெயர்தானே என்று சார் தயங்கினார். "எடுத்தது நானு சார். எடுக்க வச்சது அவங்க. ரெண்டும் போடுங்க" என்றார் பாய். போட்டார்கள். அப்போதுதான் பாயின் உண்மைப் பெயரை நான் முதல்முறை படித்தேன். அப்துல் கரீம், நூர்ஜஹான் என்று அழகாக எழுதியிருந்தது.

நூர்ஜஹான் புதுப்புடவையில் நாள் முழுக்க அந்தப் படத்தின் பக்கத்திலேயே நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் குருவி எப்படி எம்பியது, எங்கே முள் குத்தியது, எறும்பு எவ்வளவு பெரியது என்று விளக்கம் சொன்னாள். கூட்டம் அவளைச் சுற்றித்தான் நின்றது. பீரங்கி சார் பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என் லென்ஸை எடுத்துக்கிட்டு உங்க காதைக் குடுங்க பாய் என்றார். கண் கலங்கி இருந்தது. எனக்கும்தான். டீச்சர் நாலு பேர் எதிரில் அழக்கூடாது என்று மூக்கைச் சிந்திச் சமாளித்தேன்.

கேமராவை அவர்கள் விற்கவில்லை. அந்தக் கோடையில் மிச்சமிருந்த நாட்கள் முழுக்க நூர்ஜஹானே வாடிக்கையாளர்களிடம் போனில் பேசி, காலையில் புதர், பத்து மணிக்குமேல் ஏசி என்று அவருக்கு டைம்டேபிள் போட்டாள். சீசன் முடிவதற்குள் வாஷிங் மெஷின் வந்துவிட்டது. அடுத்தது தையல்சிட்டு என்று முடிவு செய்திருப்பதும் அவள்தான்.

பாய் அந்தப் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு எனக்கு ஒன்று கொடுத்தார். என் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன பறவை என்று கேட்கிறார்கள். நான் பாயைப் பற்றியும் நூர்ஜஹானைப் பற்றியும் சொல்ல ஆரம்பிக்கிறேன், காபி ஆறிப்போகும்வரை சொல்கிறேன். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனபிறகுதான், பறவையின் பெயரைச் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.